தாதி மரம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே பலெர்மோவில் இப்போது பின்னேரம். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்து பார்க்கிறவர்களுக்கு இரவாகியிருக்கும். ரொறொன்ரோவில் இருக்கிறவர்கள் காலைத் தேநீரோடு உட்கார்ந்திருப்பீர்கள். நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி.

எனக்குப் பின்னால் தெரிகிற பல்கனி போர்கோ வெக்கியோவில் இருக்கிறது. ‘பழைய புறநகர்’ என்று பொருள். பழைய நகர மதிலுக்கு வெளியே, துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு. ஒரு பக்கம் பொலித்தேயாமா அரங்கு, மறுபக்கம் உச்சார்தோனே சிறைச்சாலை. கீழே சந்தைக்காரர் கூப்பிடுகிற சத்தம் இடையிடையே கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்கனி மூலையில் மூன்று பச்சைத் தூண்கள் நிற்பது தெரிகிறதா? போன சந்திப்பில் என் கதையைப் பற்றிப் பேசும்போது ஒரு நண்பர், “உங்களுக்குப் பின்னால் சதுரக்கள்ளி நிற்கிறதே, ஊரிலிருந்து கொண்டுபோனீர்களா?” என்று கேட்டார். அது கள்ளி இல்லை என்று சொன்னேன். விளக்க நேரம் இருக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நினைத்து வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க அது வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. என்னுடைய தொழிலின் பெயரை ஒரு பாலைவனத்தில் கண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் கள்ளியைப் பார்ப்போம். நம் ஊர் வேலிகளில் நின்ற சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உடைத்தால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று அம்மம்மா பயமுறுத்துவார். தாதியர் பயிற்சிக்குப் போன பிறகு அது வெறும் பயமுறுத்தல் இல்லை, கருவிழியை உண்மையாகவே புண்ணாக்கும் என்று தெரிந்துகொண்டேன். என் பின்னால் நிற்பது வேறு குடும்பம். உடைத்தால் பால் வராது, வழவழப்பான தண்ணீர்தான் கசியும். இன்னொரு அடையாளமும் உண்டு. அதன் முட்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய பஞ்சுத் திட்டிலிருந்து கிளம்பும். பூவும் புதுக் கிளையும் அந்தத் திட்டிலிருந்துதான் வரும். அந்தப் பஞ்சுத் திட்டு இருந்தால் அது கக்டஸ், இல்லாவிட்டால் கள்ளி.

கக்டஸ் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தமானது. நம் கரையோரங்களில் மண்டிக் கிடக்கிற நாகதாளி உண்மையான கக்டஸ்தான், ஆனால் மனிதர் கொண்டுவந்த பிறகு பரவியது. ஒரேயொரு விதிவிலக்கு இருக்கிறது. ‘ரிப்சாலிஸ்’ என்று ஒரு கக்டஸ், முள்ளில்லாமல் பச்சை நூல்போல மரங்களில் தொங்கும். அமெரிக்காவுக்கு வெளியே ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் அது இயற்கையாக வளர்கிறது. பாலைவனக் குடும்பத்தில் பிறந்த ஒன்று இலங்கையின் மழைக்காட்டு மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒன்றுக்கொன்று உறவில்லாத கள்ளியும் கக்டசும் ஏன் ஒரே உருவத்தில் இருக்கின்றன? வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் இரண்டையும் ஒரே மாதிரிச் செதுக்கியிருக்கின்றன. இலையை உதிர்த்து, தண்டைப் பச்சையாக்கி, தண்ணீரைத் தண்டுக்குள் சேமித்து, முள்ளால் காவல் போட்டுக்கொண்டவை இரண்டும். நம் சங்கக் கவிஞர்கள் பாலைக்குக் கள்ளியை வைத்தார்கள். குறுந்தொகையில் ஒரு பாடலில் கள்ளிக் காய் வெடிக்கிற சத்தத்துக்குப் புறாச் சோடி மிரண்டு பறக்கும். கள்ளிக் காய் காய்ந்து வெடித்து விதையை எறிகிற இனம் என்பதைக் கவிஞர் கவனித்திருக்கிறார். கக்டஸ் பழம் அப்படியில்லை. அது சதைப்பழம், புறாவை விரட்டாது, விருந்துக்குக் கூப்பிடும். இந்தப் புறாக்களிடம் பிறகு வருவோம்.

இனி பல்கனித் தூண். இதன் இனப் பெயர் ‘செரியஸ்’. பழைய புத்தகங்களில் ‘பெருவியானுஸ்’, அதாவது பெரு நாட்டினது, என்று போட்டிருப்பார்கள். தோட்டங்களில் அந்தப் பெயரில் வளர்க்கப்படுகிற செடிகள் பெரும்பாலும் பெருவைச் சேர்ந்தவை அல்ல. தென் பிரேசில், உருகுவே பக்கத்தவை. சிசிலியில் எங்கும் விளைகிற நாகதாளிப் பழத்துக்கும் இதே கதைதான். இத்தாலியர் அதை ‘ஃபீக்கோ திந்தியா’, இந்திய அத்தி என்கிறார்கள். வந்தது மெக்சிக்கோவிலிருந்து. கொலம்பஸ் போய் இறங்கிய இடத்தை இந்தியா என்று நினைத்ததன் மிச்சம் இன்றைக்கும் பலெர்மோச் சந்தையில் கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. எங்களையும் இங்கே பலர் நீண்ட காலம் இந்தியர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

செரியஸ் என்றால் இலத்தீனில் மெழுகுதிரி. கத்தோலிக்கர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் கோயிலில் ஏற்றுகிற பெரிய பாஸ்காத் திரிக்கும் இலத்தீனில் இதே சொல்தான். நிமிர்ந்த உருவத்தைப் பார்த்து அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். பூக்கிற நேரத்தைப் பார்த்தாலும் பொருத்தம்தான். கோடையில் ஒரு பின்னேரம் மொட்டு தளர ஆரம்பிக்கும், இருட்டியபின் கையகல வெள்ளைப் பூ விரியும், அடுத்த நாள் வெயில் ஏறும்போது வாடிவிடும்.

ஆனால் இந்தச் செடி ஒருநாளும் பழம் தந்ததில்லை. காரணம் எளிது. செரியஸ் தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளாது. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். பல்கனிச் செடிகளை யாரும் விதைபோட்டு வளர்ப்பதில்லை. ஒரு முழத் துண்டை வெட்டி, வெட்டிய வாய் காய்ந்து தோல் கட்டும்வரை பத்துப் பதினைந்து நாள் நிழலில் போட்டு, பிறகு மணல் கலந்த மண்ணில் குத்திவிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு துண்டு வாங்குவாள். அப்படிப் பார்த்தால் ஒரு தெருவில் நிற்கிற பத்துச் செடியும் ஒரே செடியாக இருக்கலாம். வளரும், பூக்கும், பழமும் விதையும் குஞ்சும் கிடையாது. ஆகவே இந்தச் செடியை வைத்து ஒரு கக்டசின் முழு வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல முடியாது. அதற்கு இதன் பெரிய உறவினரிடம் போகவேண்டும்.

அந்த உறவினரின் பெயர் சகுவாரோ. கௌபோய்ப் படங்களில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதுதான். 1848இல் தாவரவியலாளர் எங்கெல்மன் அதை விவரித்தபோது ‘செரியஸ் ஜிகாந்தேயுஸ்’, இராட்சத மெழுகுதிரி, என்று பெயரிட்டார். 1908இல் அதைத் தனி இனமாகப் பிரித்து, அமெரிக்க உருக்கு முதலாளி கார்னெகியின் பெயரால் ‘கார்னெகியா’ என்றார்கள். அவருடைய பணத்தில் உருவான நிறுவனம் 1903இல் அரிசோனாவின் ரூசோன் நகரில், துமமோக் குன்றில், பாலைவன ஆய்வுகூடம் ஒன்றை நிறுவியிருந்தது. சகுவாரோவைப் பற்றி நமக்கு இன்று தெரிகிற பலவற்றின் தொடக்கம் அந்தக் குன்றில் இருக்கிறது.

சகுவாரோ வளர்வது சொனோரன் பாலைவனத்தில் மட்டும்தான். அமெரிக்காவின் அரிசோனா, மெக்சிக்கோவின் சொனோரா, கலிபோர்னியாவின் ஓர் ஓரம். பன்னிரண்டு மீற்றருக்கு மேல் வளரும், அதாவது நாலுமாடிக் கட்டட உயரம். நூற்றைம்பது வயது சாதாரணம், இருநூறைத் தொடுவதும் உண்டென்கிறார்கள்.

இவ்வளவு பெரிய உடம்பு ஒரு கடுகளவு விதையிலிருந்து வருகிறது. ஒரு பழத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் கறுப்பு விதைகள் இருக்கும். ஒரு மரம் தன் வாழ்நாளில் நாற்பது மில்லியன், அதாவது நாலு கோடி விதை வரை தரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரக்கூட்டம் குறையாமல் இருக்க அதில் ஒன்றே ஒன்று பெரிய மரமானால் போதும். மிச்சத்தை எறும்பு தின்னும், எலி தின்னும், பறவை தின்னும், வெயில் பொசுக்கும், பனி கொல்லும்.

எந்த விதை பிழைக்கிறது? விவிலியத்தில் விதைப்பவர் உவமை நினைவிருக்கும். வழியில் விழுந்ததைப் பறவைகள் தின்றன, பாறையில் விழுந்தது காய்ந்தது, முட்செடிகளுக்குள் விழுந்தது நெருக்குண்டு போனது, நல்ல நிலத்தில் விழுந்தது பலன் தந்தது. சிறுவயதிலிருந்து கேட்ட கதை. சொனோராவில் அது தலைகீழ். அங்கே திறந்த நல்ல நிலத்தில் விழுந்த விதைதான் சாகிறது. பறவை தின்ற விதை, அது ஒரு கொப்பில் இருந்து எச்சமிடும்போது மரத்தடியில் விழுகிறது. அந்த மரத்தடியில், முட்களுக்குள் விழுந்ததுதான் பிழைக்கிறது.

அந்த மரத்துக்குத் தாவரவியலாளர் வைத்திருக்கிற பெயர் தாதி மரம். ஆங்கிலத்தில் ‘நர்ஸ் ட்ரீ’. இதை முதல் வாசித்த இரவு, புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பெரும்பாலும் பாலோ வெர்தே என்ற மரம் தாதியாகிறது. ஸ்பானிய மொழியில் பச்சை மரம். அதன் பட்டையே பச்சை. வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுப் பட்டையால் உணவு சமைக்கும். மெஸ்கீத், இரும்புமரம் போன்றவையும் தாதியாவதுண்டு. மெஸ்கீத் நம் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம்.

இந்த மரம் என்ன செய்கிறது என்பதை வார்டில் ஒரு குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்த்த கண்ணோடு பார்த்தால் உடனே விளங்கும். பகலில் நிழல் தந்து சூட்டைக் குறைக்கிறது. குளிர்கால இரவில் நிலத்திலிருந்து வெப்பம் வானத்துக்கு ஓடிவிடாமல் கூரைபோல மறிக்கிறது. உதிர்ந்த இலை மக்கி மண்ணைக் கொஞ்சம் வளப்படுத்துகிறது. தாழ்ந்த முட்கொப்புகள் முயலையும் மாட்டையும் கிட்ட விடாது. இன்குபேற்றர், போர்வை, பால், காவல், நாலும் ஒரே இடத்தில். 1960களில் ஆய்வாளர் சகுவாரோ நாற்றுகளை நிழலிலும் வெளியிலும் நட்டு ஒப்பிட்டார்கள். நிழலில்லாத நாற்று ஒன்றும் ஒரு வருடத்தைத் தாண்டவில்லை.

தாதி எவ்வளவு காலம் வேண்டும்? மிக நீண்ட காலம். முதல் எட்டு வருடத்தில் சகுவாரோ இரண்டரை முதல் நாலு சென்ரிமீற்றர் வரைதான் வளரும். எட்டு வயதில் என் கட்டைவிரல் நுனி அளவு. முதல் பூ வர ஏறக்குறைய முப்பத்தைந்து வயதாகும். நாம் படத்தில் பார்க்கிற கை முளைக்க ஐம்பது முதல் எழுபத்தைந்து வருடம், வறண்ட இடத்தில் நூறும் ஆகும். கையே முளைக்காதவையும் உண்டு. இடத்துக்கு இடம் மழையைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். ஆனால் ஒன்று மாறாது. அதன் இளமை, ஒரு மனித ஆயுளின் பாதியை எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு எப்படி வாழ்கிறது என்று பார்ப்போம். உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். வெளியே சுற்றிவர மடிப்பு மடிப்பாக இருக்கும். ஆர்மோனியத்தின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் மடிப்பு விரிந்து உடம்பு பருக்கும், வறட்சியில் சுருங்கும். தோல் கிழிவதில்லை. உள்ளே மரக்கம்பிகள் வட்டமாக நின்று தாங்கும். நன்றாகக் குடித்து நிற்கிற பெரிய மரம் இரண்டு தொன் அளவுக்குப் பாரமாக இருக்கும். இவ்வளவு பாரத்துக்கும் வேர் ஆழமாக இருக்கும் என்று நினைப்போம். நடுவேர் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் மண்ணுக்குக் கீழே பத்துப் பதினைந்து சென்ரிமீற்றரில்தான் ஓடும். ஆழத்தில் கிடைக்காததை அகலத்தில் தேடும். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு வேர் பரவும். சின்ன மழைத்துளியையும் மற்றவர்க்கு முன்னால் குடித்துவிடும். இந்த வேரை நினைவில் வைத்திருங்கள்.

மூச்சு விடுவதிலும் ஒரு சிக்கனம் இருக்கிறது. செடிகள் பகலில் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும், அப்போது தண்ணீரும் ஆவியாகப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கக்டஸ் பகலில் வாயை மூடிக்கொள்ளும். இரவு குளிர்ந்த பிறகு திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து அமிலமாக மாற்றி வைத்துக்கொள்ளும். பகல் வெளிச்சம் வந்ததும் அந்தச் சேமிப்பிலிருந்து உணவு தயாரிக்கும். இரவு வேலை செய்கிறவர்களுக்கு இது விளங்கும். ஆனால் இரவு குளிரவேண்டும் என்பது இதன் நிபந்தனை.

பூவும் இரவில்தான். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை தண்டின் உச்சியில் வெள்ளைப் பூக்கள் இரவு திறக்கும், அடுத்த நாள் பின்னேரத்துக்குள் மூடிவிடும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள் ஆயுள். பல்கனிச் செடியைப் போலவே இதற்கும் வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். இரவில் மெக்சிக்கோவிலிருந்து பூக்களின் வழியைப் பிடித்துக்கொண்டு வருகிற நீள்மூக்கு வௌவால் மகரந்தத்தைக் கொண்டுவரும். விடிந்ததும் தேனீக்களும் வெள்ளைச் சிறகுப் புறாக்களும் வரும். அந்த வௌவால் 1988இல் அமெரிக்காவின் அழிந்துவரும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, எண்ணிக்கை மீண்டதால் 2018இல் நீக்கப்பட்டது.

ஜூன் கடைசியில், எல்லாம் காய்ந்து கிடக்கிற நேரத்தில், சிவந்த சதையோடு பழம் வெடித்துத் திறக்கும். அங்கே வாழ்கிற தொஹோனோ ஓதாம் பழங்குடி மக்களுக்கு அதுதான் ஆண்டின் தொடக்கம். தொஹோனோ ஓதாம் என்றால் பாலை மக்கள் என்று பொருள். ஐந்திணை படித்தவர்களுக்கு இந்தப் பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. இறந்த சகுவாரோவின் மரக்கம்பியை இணைத்துக் கட்டிய நீண்ட கொக்கத்தடியால் பழத்தைத் தட்டுவார்கள். பழத் தோலைச் சிவந்த உட்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி நிலத்தில் வைப்பார்கள், மழை வரட்டும் என்று. பழத்தைக் காய்ச்சிப் பாகெடுத்து, பாகைப் புளிக்கவைத்து, மழைச் சடங்கில் குடிப்பார்கள். சகுவாரோவை அவர்கள் மரமாக அல்ல, மனிதராகக் கருதுகிறார்கள். ஜூலையில் பருவமழை வரும். விதை முளைக்கும்.

பெரிய மரத்தில் மரங்கொத்தி பொந்து கொத்தும். அந்தக் காயத்தைச் சுற்றி மரம் கெட்டியான தோல் கட்டிக்கொள்ளும், தண்ணீர் கசியாதபடி. நாங்கள் புண் ஆறும்போது பார்ப்போமே, அதே வேலை. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் உலகின் மிகச் சிறிய ஆந்தைகளில் ஒன்று குடியேறும். மரம் செத்துச் சதையெல்லாம் அழுகிய பிறகும் அந்தப் பொந்தின் கெட்டித் தோல் ஒரு சப்பாத்துப் போல நிலத்தில் கிடக்கும். பழைய காலத்தில் மக்கள் அதைப் பாத்திரமாகப் பயன்படுத்தினார்கள்.

இப்போது தாதி மரத்திடம் திரும்புவோம். நான் இதுவரை சொல்லாத பகுதி இது.

பாலைவனத்தில் முற்றிய சகுவாரோக்களின் காலடியில் பட்ட மரம் ஒன்று அடிக்கடி காணப்படும். அது தாதி. 1984இல் ஜோசஃப் மக்கோலிஃப் என்ற சூழலியலாளர் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார். அடியில் சகுவாரோ வளர்ந்த பாலோ வெர்தேக்களில், தனியாக நின்றவற்றைவிட, கொப்புகள் பட்டுப்போவதும் மரமே சாவதும் கூடுதலாக இருந்தன. காரணம் அந்த மேலோட்டமான வேர். மரத்தின் வேர் இருக்கிற ஆழத்துக்கு மழைத்தண்ணீர் இறங்குவதற்கு முன்னாலேயே பிள்ளை குடித்துவிடுகிறது. பாலோ வெர்தேயும் காலம் முடிந்து சாகிற மரம்தான். ஆனால் தன் நிழலில் வளர்த்தது அந்தக் காலத்தைச் சுருக்குகிறது. பயண விளம்பரத்தில் பார்க்கிற, யாருடைய உதவியுமின்றித் தனியாக நிமிர்ந்து நிற்கிற அந்தக் கக்டஸ் உண்மையில் தனியாக வளர்ந்ததில்லை. அதற்கு நிழல் தந்தது இப்போது படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தாதியை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1933இல் ரூசோனுக்கு அருகே அடர்ந்து நின்ற முதிய சகுவாரோக் காட்டைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். சில வருடங்களில் மரங்கள் விழத் தொடங்கின. அழுகல் நோய் என்று நினைத்து, 1940களின் தொடக்கத்தில் நோயுற்றவற்றை வெட்டிப் புதைத்தும் பார்த்தார்கள். நிற்கவில்லை. 1960களில், இந்த நூற்றாண்டு பிறப்பதற்குள் அந்தக் காடு இல்லாமல் போய்விடும் என்றுகூட அஞ்சினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. முதிய மரங்களைக் கொன்றது பெரும்பாலும் 1937 போன்ற கடும் உறைபனி. அழுகல் அதற்குப் பின்னால் வந்தது. முதியவை சாவது புதிதல்ல. அவற்றின் இடத்துக்கு வர இளையவை இல்லை என்பதுதான் பிரச்சினை. ஏன் இல்லை? அதற்கு முந்திய பல பத்தாண்டுகளாக அங்கே மாடு மேய்த்திருக்கிறார்கள், சுண்ணாம்புச் சூளைக்கு விறகு வெட்டியிருக்கிறார்கள். வெட்டப்பட்டது தாதி மரம். சகுவாரோவை யாரும் தொடவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தார்கள். 1970களின் முடிவில் மேய்ச்சல் முழுவதும் நிறுத்தப்பட்டது. மரங்கள் திரும்ப வந்தன, அவற்றின் கீழே கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் வந்தன. நினைவிடம் 1994இல் தேசியப் பூங்காவானது.

வார்டிலும் இதைக் கண்டிருக்கிறேன். படுக்கையில் இருக்கிறவரைப் பார்க்கிறோம், அவருக்குப் பக்கத்தில் கதிரையில் இரண்டு மாதமாகத் தூங்காமல் இருக்கிற மகளைப் பார்ப்பதில்லை. அவள் விழுந்த பிறகுதான் நோயாளி எதனால் இவ்வளவு நாள் தாங்கினார் என்று தெரியும்.

இப்போது புதிதாக ஒரு ஆபத்து. 2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. நகரத்தில் நின்ற சகுவாரோக்கள் கைகளை உதிர்த்தன, சில சாய்ந்து விழுந்தன. பகல் சூட்டுக்குப் பழகிய மரம் அது. இரவு குளிராததுதான் அதை வாட்டியது. இரவில் வாய் திறந்து மூச்செடுக்கிற மரம், குளிராத இரவில் என்ன செய்யும்? ஐம்பது, நூறு வருடம் நின்றவை அவை. இன்றைக்கு விதை போட்டால் அந்த இடத்துக்கு அதே உயர மரம் வர எங்கள் பேரப்பிள்ளைகளும் போதாது.

முடிக்கப்போகிறேன். பல்கனியில் நிற்கிற செடி எப்படி வந்தது என்று சொல்லவில்லை.

இது அக்காவின் செடி. என் பெரியம்மாவின் மகள். யுத்தகாலத்தில் ஊரைவிட்டு இங்கே வந்தவர். அப்போது வந்தவர்கள் பலரையும் போல வீட்டு வேலையும் முதியோரைப் பார்க்கிற வேலையும் செய்தார். அவர் பார்த்த ஒரு சிஞ்ஞோரா சாவதற்கு முன் தன் பல்கனியிலிருந்து வெட்டிக் கொடுத்த ஒரு துண்டுதான் இது. இந்த வீட்டின் இரண்டு அறைகளில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் ஒவ்வொருவராக வந்து தங்கி, மொழி பழகி, வேலை தேடி, பத்திரம் எடுத்து, பிறகு மிலானுக்கும் லண்டனுக்கும் போனார்கள். நான் ஒன்பதாவது. என் தாதியர் டிப்ளோமா அலமாரியில் இருக்கிறது; அக்கா செய்த அதே வேலையை நானும் செய்கிறேன். அக்காவுக்கு இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது. நாலு மாடி இறங்க முடியாது. அவர் தூக்கி இறக்கிய முதியவர்களின் பாரம் அந்த முழங்காலில் இருக்கிறது. ஒன்பது பேருக்குச் சமைத்ததும் இருக்கிறது.

வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் கூட. இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. இந்த உரைக்காக வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்தக் கடிதம் மேசையில்தான் கிடந்தது. சகுவாரோ தன் வேரை எங்கே விடுகிறது என்று அதற்குத் தெரியாது, தாதி மரம் பட்டுப்போவதும் தெரியாது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். போகக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு, கீழ்த்தள வீடாகப் பார்த்துப் போகமுடியுமா என்று கேட்டு நேற்று பதில் எழுதினேன். இன்னும் மறுமொழி வரவில்லை.

தாதி மரத்தின் கதையை அக்காவுக்கும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த மரத்துக்கும் வயசு போயிருக்கும். எல்லாத்துக்கும் பிள்ளையைக் குத்தம் சொல்லேலாது. நீ தேத்தண்ணியைப் போடு” என்றார். போட்டுக் கொடுத்தேன். பிறகு கத்தியை எடுத்துத் தரச்சொன்னார். வடக்கே போனால் இவ்வளவு உயரச் செடியைக் கொண்டுபோக முடியாதாம். ஒரு துண்டு வெட்டிக் காயவைத்தால் போதுமாம். அது இப்போது கதவுக்குப் பின்னால் நிழலில் கிடக்கிறது.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.